உள்ளே யார் என்று கேட்க வேண்டாம்

எனக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் அதிகம் சார். மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். வீட்டில் எதைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் அந்தத் தொழிற்சாலையில், புது மெஷின்களுக்கு ஆட்களைப் பழக்குவதுதான் என் வேலை. நல்ல ஜனங்கள். ஒரு பழக்கம்தான் இடைஞ்சல். விரிப்புகளைத் தேய்க்கும் ஆளுயர நீராவி உருளையை ஓட்டும் முன் மேஸ்திரி, "உள்ள யாரு?" என்று குரல் கொடுப்பார். அடியில் உதிரும் பஞ்சைக் கூட்டுகிறவர்கள் வெளியே வந்து ஆளாளுக்குப் பதில் சொன்னால்தான் ஸ்விட்சில் கை வைப்பார். அவருடைய கூடப் பிறந்த தம்பியும் அப்படிக் கூட்டுகிறவன்தான். புது மெஷினில் இந்தக் கூச்சலே தேவையில்லை. உள்ளே ஆள் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை.

இதை விளக்கக் கூட்டம் போட்டேன். நடுவில் ஒரு ஜோக்கும் சொன்னேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. மேஸ்திரி மெல்ல எழுந்தார்.

"வெளக்கு நல்லாத்தான் இருக்கு சார். உள்ள மாட்டுனவன் கத்துனா அதுக்குக் காது கேக்குமா? இல்ல, உங்கள மாதிரி நாங்க பேசறது எதுவும் காதுல விழாதா?"

கூடமே குலுங்கியது. என் டிரைவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், ரசிக்கத் தெரிந்தவன். அன்றிலிருந்து கேன்டீனில் தலையைக் காட்டினாலே, "வழி விடுங்கப்பா, பச்ச வெளக்கு வருது" என்பார்கள். பெயர் நன்றாகத்தான் இருந்தது. தூக்கம்தான் வரவில்லை.

எதிர்க்கிறவரை எதிர்க்கக் கூடாது, முன்னால் நிறுத்த வேண்டும். எங்கள் தொழிலின் பாலபாடம் அது. தொடக்க நாளில் மெஷினை ஓட்டி வைக்க மேஸ்திரியையே அழைத்தேன்.

ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சார் கண்ணாடியில் பஞ்சு படிந்தால், உள்ளே ஆள் இருந்தாலும் பச்சையே எரியும் என்று, சோதனை ஓட்டத்திலேயே படிந்திருந்த பஞ்சைக் காட்டி எலக்ட்ரீஷியன் எச்சரித்திருந்தார். உங்களிடமும் சொல்லியிருப்பார், உண்மைதான். துடைக்கச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் மறக்கவில்லை.

முதலாளி வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேஸ்திரியின் தம்பி துடைப்பத்தோடு பின்பக்கமாக உள்ளே குனிந்து போனான். நான் மட்டும் பார்த்தேன்.

"அண்ணே, நீங்களே அமுக்குங்க" என்றேன்.

பழக்க தோஷம், குரல் கொடுக்க வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரல் வைத்து விளக்கைக் காட்டினேன். பச்சை.

"காது கேக்காதுதான்ணே. கண்ணு நல்லாத் தெரியும்."

முதலாளி சிரித்தார். கூட்டமும் சிரித்தது. என் ஜோக்குக்கு அவர்கள் சிரித்தது அன்றுதான்.

மேஸ்திரி அமுக்கினார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். தங்கமான மனுஷன். அண்ணன்காரர் வாய் அடங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடங்கிவிட்டது, அதன் பிறகு யாரிடமும் பேசுவதில்லையாம். ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடியவன் நான். பிணவறை வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதறவில்லை. என் தோளில் சாய்ந்துதான் அழுதார். தன்னை எதிர்த்தவரின் நம்பிக்கையை அப்படிச் சம்பாதிக்க எத்தனை பேரால் முடியும், சொல்லுங்கள்?