புரியாததைச் சொல்லும் பயிற்சி

ஆனித் திங்களில் ஒரு நாள், கோவையினின்று சென்னை செல்லும் புகைவண்டியில் என் எதிரே இரண்டு இளைஞர் அமர்ந்திருந்தனர். ஒருவர் சென்னைக் கல்லூரி ஒன்றில் எம்.ஏ. வகுப்பிற் புதிதாகச் சேரச் செல்பவர். மற்றவர் அங்கே ஓராண்டு பயின்றவர். இருவரும் தாராபுரத்தார்.

“ஏனுங்க, போனதும் மொதல்ல ‘புரியலீங்க’ன்னு சொல்லிப் பழகிக்கோங்க” என்றார் மூத்தவர். அவ்வறிவுரையின் புதுமையே என் செவியை ஈர்த்தது.

“வாத்தியாருகிட்டயா? மரியாதைக் கொறச்சலுங்களே!”

“அப்பிடித்தான் நானும் நெனச்சேனுங்க. அவரு இங்கிலீசுல கேட்டதுக்கெல்லாம் ஆமாங்கன்னு தலையாட்டிப்போட்டேன். பரீச்சையில ஒண்ணும் எழுத முடியலீங்க.”

“என்னைய ஊரே மாலை போட்டு அனுப்பிச்சுது. பெயிலாப் போனா ஊட்டுல என்னன்னு சொல்றது?”

“பாசுன்னு சொல்லிப்போட்டேனுங்க.”

“அப்ப இந்த வருசம் நீங்க எந்த வகுப்புங்க?”

“உங்க வகுப்புத்தானுங்க. ஊர்ல மூச்சு உட்டுறாதீங்க. எங்கய்யன் தாங்கமாட்டாருங்க.”

ஈரோடு கடந்த பின்னும், புதியவர் சன்னற் கம்பியைப் பற்றியவாறு, “புரியலீங்க, புரியலீங்க” என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.