காரீயக் குழி விளக்கு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். போன கிழமை இரத்தோட்டைச் சங்கக்கடையில் மாவுக்கு வரிசையில் நின்றபோது காதில் விழுந்ததை நான் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள்.

பென்சிலுக்கு வைக்கும் காரீயத்தைத் தோண்டும் குழியின் கங்காணி, வாங்கிய தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்து, என் முன்னால் நின்ற பழைய குழி வேலைக்காரரைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு இறங்குங்கண்ணே. கூலியோட பாண் ரொட்டியும் தர்றேன்."

"விளக்கு செத்தாலும் இறங்கணுமா?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. குழி வேலைக்காரர் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"காலையில குழிக்குள்ள முதல்ல விளக்கைத்தான் இறக்குவோம். அணைஞ்சா உள்ள காத்து கெட்டிருக்குன்னு அர்த்தம், யாரும் இறங்க மாட்டோம். இந்தப் பெரிய மனுசன் மிச்சம் பிடிக்கிறேன்னு திரி நனைய மட்டும் எண்ணெய் ஊத்தினாரு. விளக்கு அணைஞ்சிருச்சு. 'எண்ணெய்தான் தீர்ந்துருச்சு, இறங்கு'ன்னாரு. என் தம்பி இறங்கினான். பொணமாத்தான் தூக்கினோம்."

"பழைய கதை எதுக்கு? வீட்டில பிள்ளைங்க பட்டினியாமே?"

"பட்டினிதான். அதனால வர்றேன். என் கண்ணு முன்னால விளக்கு நிறைய ஊத்துங்க. அணைஞ்சா, நீங்க முதல்ல இறங்கிப் பாத்துட்டு வாங்க, ஐயா."

கங்காணி போத்தலை மடியில் செருகிக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் போனார்.

"நீ வர்றியா?"

"விளக்குக்கு எவ்வளவு ஊத்துவீங்க, கங்காணி?"

அடுத்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்தவரிடம் கங்காணி போகவில்லை.

பேத்தி, அவர் போத்தலை மடியில் ஒளித்த இடத்திலிருந்து இன்னொரு தரம் வாசி.