கடைசி ஆளின் வேலை

காலை எட்டே கால்... நல்ல பனிமூட்டம். லெக்தூர் ஊருக்குத் தெற்கே, குன்று குன்றாக ஏறி இறங்கும் அந்தக் குறுகிய சாலை. இரண்டு பக்கமும் அறுக்காமல் விட்ட சூரியகாந்தித் தண்டுகள், கருகித் தலை கவிழ்ந்து நிற்கும். நாலு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது.

பேய்க் கதைக்குக் காலை எட்டே காலா என்று சிரிக்க வேண்டாம். இருட்டில்தான் வருவேன் என்று அது யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கணப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள், யாராவது. நம் மாயிலிஸ் இருக்கிறாளே, அவளுடைய தாய்மாமன் தியெரிக்கு நடந்தது இது. அவள் இன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தியெரி குழாய் வேலை செய்கிறவன். ஐம்பத்திரண்டு வயது. வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சமையல்கட்டில் மல்லாந்து கிடப்பான், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறிவிடுவான். அப்போது அவர்கள் குழுவில் மாயிலிஸையும் சேர்த்து ஆறு பேர். ஜோடி ஜோடியாக, பேசிக்கொண்டே போவார்கள். கடைசியில் வருகிற ஆளுக்கு ஒரே ஒரு வேலை. முன்னால் இருப்பவர்களுக்குக் காற்று இரைச்சலில் பின்னால் வருவது எதுவும் காதில் விழாது. அதனால் வண்டிச் சத்தம் கேட்டதும் கடைசி ஆள் "வண்டீ...!" என்று கத்த வேண்டும். கத்தினால் எல்லாரும் ஒற்றை வரிசையாக வலது ஓரம் ஒதுங்குவார்கள். அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரின் உயிரும் அந்த ஒரு தொண்டையில் இருக்கிறது.

மார்ச் மாதம் அது நடந்தது. அன்றைக்குத் தியெரிதான் கடைசி. அவனுக்கு முன்னால், இடது பக்கமாக, ரெஜிஸ். முப்பது வருடச் சிநேகிதம். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறுவதற்கு முன் ரெஜிஸ் சட்டையின் பின்பையிலிருந்து, மனைவி கொடுத்தனுப்பிய உலர்ந்த பிளம் பழங்களை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினான்.

"பிடி. சொலான்ஜ் பரண்ல காயப்போட்டது. கொட்டைய முழுங்கித் தொலைச்சிடாத, அப்புறம் உன்னையும் நான்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்."

தியெரி மூன்றை ஒரேயடியாக வாயில் போட்டுக்கொண்டான். மெல்ல மெல்லப் பின்தங்கினான். இருபது மீட்டர் இருக்கும். அப்போது கேட்டது... பின்னால் ஒரு டீசல் வேன். நன்றாகவே கேட்டது. வாய் நிறையப் பழம், உள்ளே மூன்று கொட்டை. துப்பியிருக்கலாம். துப்பவில்லை. இவ்வளவு பெரிய சத்தம் அவர்களுக்கும் கேட்காமலா இருக்கும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததுகூடப் பிறகு அவனே ஜோடித்ததாக இருக்கலாம். இனிப்பாக இருந்தது, மென்றுகொண்டிருந்தான். அதுதான் உண்மை.

வேன் அவனைத் தாண்டியது. எதிரே மேட்டிலிருந்து ஒரு டிராக்டர் இறங்கியது. வேன் சடாரென்று சைக்கிள்கள் பக்கம் ஒடித்தது. ரெஜிஸ் விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். பிறகு, கவிழ்ந்த சைக்கிளின் பின்சக்கரம் மட்டும்... டிக், டிக், டிக், டிக்... அது நிற்க வெகுநேரம் ஆனது.

ரெஜிஸை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். சாயங்காலம் செத்துப்போனான்.

சாலையோரத்திலேயே போலீஸ்காரர் தியெரியிடம் கேட்டார், "கத்தினீங்களா?" தியெரி, "கத்தினேன்" என்றான். "எப்படிக் கத்தினீங்க?" அவன் கத்திக் காட்டினான். அளவுக்கு மீறிய சத்தம், கடைசியில் கொஞ்சம் கீச்சென்று உடைந்தது. அவர் எழுதிக்கொண்டார். மற்ற நாலு பேரும் எங்களுக்குக் கேட்கவில்லையே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காற்று எதிர்க்காற்று, காற்றோடு போயிருக்கும் என்று முடிந்தது. மாயிலிஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க உங்க வேலையச் செஞ்சீங்க மாமா." அவன் கொட்டைகளை எப்போது துப்பினான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சவ அடக்கத்தில் அழுகை வரவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை, கசக்கவும் இல்லை. குளிரில் விரல் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, தெரியாதே, அப்படி ஆள் முழுக்க. ஒவ்வொரு ராத்திரியும் சொலான்ஜிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் யாரும் கேட்காமலே கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்வான். கொறிக்க யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டான்.

இப்போது நவம்பருக்கு வருகிறேன். அந்தக் காலை எட்டே கால்.

ஐந்து பேர். முன்னால் மாயிலிஸும் கிழவர் காஸ்தோனும். நடுவில் இரண்டு பேர். கடைசியில் தியெரி. பனியில் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. எல்லார் சைக்கிளிலும் சின்னச் சிவப்பு விளக்கு. எங்கோ மக்காச்சோளம் உலர்த்தும் இயந்திரம் ஊம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனை. சங்கிலி ஓடும் சத்தம்.

"வண்டீ...!"

எல்லாரும் வலது ஓரம் ஒதுங்கினார்கள். காத்திருந்தார்கள். வண்டி வரவில்லை.

காஸ்தோன் முன்னாலிருந்தே குரல் கொடுத்தார். "டேய் தியெரி! காலங்காத்தால எத்தன கிளாஸ்டா உள்ள போச்சு?"

கத்தியது தியெரி இல்லை. சத்தம் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது. வேறு குழுவாக இருக்கும், பனியில் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். பயம் ஒன்றும் வரவில்லை. அவனுக்குத்தான் எதுவும் வருவதில்லையே.

இறக்கம். பிறகு ஓடைப் பாலம். மறுபடி ஏற்றம்.

"வண்டீ...!"

ஒதுங்கினார்கள். ஒன்றும் இல்லை. மக்காச்சோள இயந்திரத்தின் சத்தம்கூட நின்றுவிட்டிருந்தது.

மாயிலிஸ் கோபமாகக் கேட்டாள். "மாமா, வெளயாடாதீங்க. எனக்கு மனசு பதறுது."

"நான் கத்தல."

"அப்ப யாரு? உங்க கேரியர்ல யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

பந்தயச் சைக்கிளுக்கு ஏது கேரியர்? மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை.

தண்ணீர்த் தொட்டி மேடு வந்தது. பேச்சு தானாக நின்றது. அந்த இடத்தில் யாருமே பேச மாட்டார்கள். மிதிக்கிற மூச்சு மட்டும்... ஹா... ஹா... ஹா...

மூன்றாவது தடவை அது அவன் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. ஒரு கை தூரம். அளவுக்கு மீறிய சத்தம். கடைசியில் கீச்சென்று உடைந்தது.

தியெரிக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ்காரருக்குக் கத்திக் காட்டினானே... அதேதான். ஒரு பிசிறு மாறாமல் அதே குரல். அவனுடைய குரல்.

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். முடியவில்லை. வாய் நிறைந்திருந்தது. இனிப்பு. நாக்குக்கு அடியில் ஒன்று... கடைவாயில் ஒன்று... இன்னொன்று தொண்டைக்குப் பக்கத்தில்.

முன்னால் நாலு பேரும் முணுமுணுத்துக்கொண்டே ஒற்றை வரிசையானார்கள். அப்போது அது அவர்களைத் தாண்டிப் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும் இடது பக்கம் கிழிந்து விலகியது. சட்டை விலாவோடு ஒட்டியது. சாலையோரப் புல் படுத்து எழுந்தது. டீசல் நாற்றம், நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். மாயிலிஸின் சைக்கிள் ஆடி, அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள். சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

ஈரச் சாலையைக் குனிந்து பார்த்தார்கள். ஐந்து சைக்கிள் தடம். வேறு தடம் இல்லை.

தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் வழக்கமான கடையில் காபி சொன்னார்கள். காஸ்தோன் சர்க்கரையைப் போட்டுவிட்டுக் கலக்காமலே உட்கார்ந்திருந்தார். தியெரி காபியைத் தொடவில்லை. எழுந்தான். நேராகச் சொலான்ஜ் வீட்டுக்குப் போனான்.

அவள் சமையலறையில் சூப்புக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வா தியெரி. என்ன இப்படி வெளுத்துப்போயிருக்க? உக்காரு."

அவன் உட்காரவில்லை. சைக்கிள் ஷூவோடு தரையில் டக் டக்கென்று இரண்டு எட்டு வைத்தான். ஒரே மூச்சில் சொன்னான்.

"நான் அன்னைக்குக் கத்தல, சொலான்ஜ். வேன் சத்தம் கேட்டுச்சு. வாயில பழம். உன் வீட்டுப் பழம். மென்னுக்கிட்டு இருந்தேன். போலீஸ்கிட்ட பொய் சொன்னேன். உன்கிட்டயும் பொய்தான். கத்தியிருந்தா அவன் இருந்திருப்பான்."

சொல்லி முடித்தான். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அவள் அறைவாள், துரத்துவாள், அப்போதாவது எனக்கு ஏதாவது உறைக்கும் என்று நின்றான். அறை வாங்கத்தான் வந்திருந்தான்.

சொலான்ஜ் அறையவில்லை. கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நீ கத்தலன்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"அவர்தான். ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, ஒரு அஞ்சு நிமிசம் தெளிவாப் பேசினாரு. பின்னாடி யாரோ கத்தினாங்க, தியெரி குரல் மாதிரியே இருந்துச்சு... ஆனா தூரத்துல இல்ல, என் இடது காதுகிட்ட, மூச்சுக்கூடப் பட்டுச்சுன்னாரு. இவ்வளவு கிட்ட ஏன்டா வர்றன்னு இடது பக்கம் திரும்பியிருக்காரு. திரும்பினதுல சைக்கிளும் அந்தப் பக்கம் போயிடுச்சு. அங்க யாரும் இல்லையாம். நீ எங்கேயோ பின்னாடி, கன்னம் ரெண்டும் உப்பிப்போய் வந்துக்கிட்டு இருந்தியாம். அத சொல்லிச் சிரிச்சாரு, தியெரி. அந்த வலியிலயும் சிரிச்சாரு."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து அணைக்கவில்லை.

"நீ கத்தினேன்னு போலீஸ்ல சொன்னது தெரிஞ்சப்ப நான் ஒண்ணும் பேசல. அப்படியாவது அது ஒரு மனுசக் குரலா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். ராத்திரி தூங்குறதுக்கு எனக்கு அது போதுமா இருந்துச்சு. இப்ப நீ வந்து நானில்லங்கிற..."

பூசணித் துண்டு ஒன்றை எடுத்தாள். நறுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது யாரு?"

தியெரி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வரை நடந்தே போனான். அன்றோடு சரி, சைக்கிளில் ஏறவில்லை. இன்றைக்கும் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், குழாய் வேலைக்குப் போகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான். ஒரே ஒரு பழக்கம். பேசும்போது இடது காதைக் கையால் பொத்திக்கொள்கிறான்.

அவன் விட்ட இடத்துக்குத்தான் நான் போனேன். போன வருடம். புது ஆள் என்பதால் கடைசி இடம் எனக்கு. எப்போது கத்த வேண்டும், எவ்வளவு சத்தமாகக் கத்த வேண்டும் என்று காஸ்தோனிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நீ கத்த வேண்டாம், எங்கள் குழுவில் கடைசி ஆள் கத்துவதில்லை என்றார்.

அப்புறம் வண்டி வந்தால் எப்படித் தெரியும் என்றேன்.

"தெரியும். சத்தம் வரும். வந்தா வலது பக்கம் ஒதுங்கு. வண்டி வந்தாலும் ஒதுங்கு, வராட்டியும் ஒதுங்கு. ஒதுங்கிட்டு நேரா ரோட்டப் பாரு. யாருன்னு மட்டும் திரும்பிப் பாக்காத."