பலகைக்குப் பின்னால் பூசணம்

கங்கம்மாள்: மெதுவாத் தட்டுயா! முன்ரூம்ல மாத்திப் படுக்க வெச்ச பொண்ணு இப்பத்தான் கண்ணு அசந்தா.

தணிகாசலம்: தட்டாம எப்பிடிமே கண்டுபுடிக்கிறது? இதோ கேளு... இங்க டொக்குங்குது. இப்ப இங்க வா... பொத்துங்குது. செவுத்துல அடிச்ச பலகைக்குப் பின்னால யாரோ பஞ்சு மூட்டை மேல படுத்துக்கினு கீற மாதிரி.

கங்கம்மாள்: யாரோவா? பயமுறுத்தாதே.

தணிகாசலம்: எனக்கு மட்டும் குளுகுளுன்னா கீது?

கங்கம்மாள்: நாத்தம் இங்கதான் ஜாஸ்தி. சமையக்கட்டு மோந்தாச்சி, பரண் மோந்தாச்சி, மெத்தையப் பிரிச்சிப் போட்டு மோந்தாச்சி. கடைசியில மூக்கு இந்தப் பலகைக்கிட்டதான் வந்து நிக்குது. நனைஞ்ச கோணிய மாசக்கணக்குல மூடி வெச்சா வரும் பாரு, அந்த நாத்தம். என் கல்யாணப் பட்டுல கூட வெள்ளை வெள்ளையா புள்ளி விழுந்து கீது.

தணிகாசலம்: புள்ளிதான? என் பெல்ட்டுல தாடியே மொளைச்சிடுச்சி. நல்லா நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி. சவரம் பண்ணிட்டுத்தான் ஷிப்டுக்குக் கட்டிக்கினு போனேன்.

கங்கம்மாள்: தாடியாம்! தூசி கணக்கா கொஞ்சம் பூசணம்.

தணிகாசலம்: கொஞ்சமா? எங்க சூப்பர்வைசரு பாத்துட்டு, "மகரஜோதி முடிஞ்சும் உன் பெல்ட்டு இன்னும் மாலையக் கழட்டலயா தணிகாசலம்?"னு கேட்டாரு. லைனே சிரிச்சிது.

கங்கம்மாள்: வெளையாடற நேரமாயா இது? நேத்து டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துச்சா இல்லியா? "வீட்ல எங்கியோ ஓதம் இருக்கு, அதான் உமாவுக்கு மூச்சு இழுக்குது. பிரசவ வலியோட இந்த இழுப்பும் சேந்துக்கிட்டா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. எங்கன்னு உடனே தேடிப் பாருங்க"ன்னாங்க. மாசம் நெறைஞ்சவயா. எப்ப வேணா வலி எடுக்கும்.

தணிகாசலம்: தெரியும்மே. தெரிஞ்சிதான் லீவு போட்டுட்டு நிக்கிறேன். ராவுல அவ மூச்சு வுடற சத்தம் கேட்டுக்கினு எனக்கும்தான் தூக்கமே இல்ல... சுத்தியல இப்பிடிக் குடு. இரு, இரு, துண்டை மூக்குல கட்டிக்கறேன்.

கங்கம்மாள்: இன்னாயா இது கோலம்?

தணிகாசலம்: டிவில பாக்கல? குவைத் சண்டையில வெஷப் புகைக்குப் பயந்துக்கினு அவனவன் மூஞ்சில பன்னிமூக்கு மாட்டிக்கினு கீறான். நம்ம பிள்ளைப்பாக்கத்துக்குத் துண்டுதான் வாய்ச்சிது.

கங்கம்மாள்: ஆணியப் புடுங்கு முதல்ல.

தணிகாசலம்: பாத்து, பாத்து... மெஷின் வந்த பெட்டிப் பலகைமே. கம்பெனியில கெஞ்சி வாங்கியாந்தது. எந்த ஊரு எழுத்தோ தெரியல, ஆனா குடை படம் போட்டு எவ்ளோ அழகா கீது!

கங்கம்மாள்: குடை போட்டிருந்தா நனையக் கூடாதுன்னு அர்த்தம்னு பக்கத்து வூட்டு ஜெபகுமாரு அன்னைக்கே சொன்னான். நீ ஈர செவுத்து மேல வெச்சி அடிச்சே.

தணிகாசலம்: நானா? "கார்த்திகையில சம்பந்திங்க பொண்ணைக் கொண்டாந்து வுட வராங்க, ரூமு லாட்ஜு ரூமாட்டம் பளபளன்னு இருக்கணும்"னு குதிச்சது யாரு? மழை வுடட்டும், செவுரு காயட்டும்னு உன் காலைப் புடிச்சேன் நான்.

கங்கம்மாள்: என் காலையா? என்னைக்குயா புடிச்சே? கறைய மறைக்கச் சொன்னேன். இப்பிடி ஒரு சந்து இல்லாம அடைச்சி வெக்கச் சொன்னேனா?

தணிகாசலம்: கத்தாதே... வருது... ஆணி வருது... மூலை வந்துடுச்சி... அம்மாடி!

கங்கம்மாள்: இன்னாயா? யோவ்... இன்னா? பேசேன்!

தணிகாசலம்: எரும... எரும மாடு ஒன்னு முதுகைக் காட்டிக்கினு படுத்து கீது.

கங்கம்மாள்: நவுரு அந்தாண்ட. நான் பாக்கறேன்.

தணிகாசலம்: பாத்தியா?

கங்கம்மாள்: இரு, பலகைய இன்னும் கொஞ்சம் இழு.

தணிகாசலம்: இழுத்துட்டேன். இன்னா தெரியுது?

கங்கம்மாள்: முடி முடியா கீதுயா. கருப்பா... ஓரத்துல பச்சையா... தரையில ஆரம்பிச்சி என் தோளு ஒசரத்துக்கு. யோவ், இந்தப் பலகையில முதுகை ஒட்டிக்கினுதானயா எம்பொண்ணு இத்தினி நாளா படுத்துக்கினு கீறா...

தணிகாசலம்: மே... அது மூச்சு வுடுது.

கங்கம்மாள்: காத்துக்கு ஆடுதுயா.

தணிகாசலம்: காத்து எங்க கீது? பனி வந்துடும்னு ஜன்னலுக்குச் சாக்கு அடைச்சதே நீதான.

கங்கம்மாள்: பேசாதே. வாயத் தொறந்தா உள்ள பூந்துடும். ஐயோ, இப்ப இன்னா பண்றது?

தணிகாசலம்: பூரா பலகையும் கழட்டணும். சொரண்டணும். பிளீச்சிங் பவுடரு போட்டுத் தேய்ச்சி, ஜன்னலத் தொறந்து காய வுடணும். ஆனா சொரண்டற பொடி வூடெல்லாம் பறக்கும். அவளை உள்ள வெச்சிக்கினு ஆவாது.

கங்கம்மாள்: அப்ப அவ எங்க போவா?

தணிகாசலம்: அதுக்குத்தான்... நான் ஒன்னு பண்ணிட்டேன். திட்டாதே.

கங்கம்மாள்: இன்னா பண்ணித் தொலைச்சே?

தணிகாசலம்: காலையில பூத்துக்குப் போயி, வாலாஜாபாத்துல மாப்பிள்ளை கணக்கு எழுதற அரிசி மண்டிக்குப் போன் போட்டேன். சாயங்காலம் வந்து உமாவைக் கூப்பிட்டுக்கினு போங்கன்னு சொல்லிட்டேன். அவங்களது மாடி வூடு, செவுரு எல்லாம் கல்லாட்டம் காய்ஞ்சி கீது.

கங்கம்மாள்: பிரசவத்துக்கு வந்த பொண்ணைத் திருப்பி அனுப்பறதா? ஊரே காறித் துப்பும்யா! இன்னான்னு சொன்னே? பூசணம்னு சொல்லிட்டியா? சம்பந்தியம்மா பஸ்டாண்டுல மைக்செட்டு கட்டிச் சொல்லுமே!

தணிகாசலம்: அவ்ளோ மக்கா நானு? எனக்கு அம்மை போட்டிருக்குன்னு சொன்னேன். அம்மை போட்ட வூட்ல புள்ளைத்தாச்சி இருக்கக் கூடாது இல்ல?

கங்கம்மாள்: அட பாவி மனுசா! அம்மை போட்டவன் பூத்துல நின்னு போன் பேசுவானா?

தணிகாசலம்: அது... அவரும் கேக்கல, நானும் யோசிக்கல. வாசல்ல வேப்பிலை சொருவிடு. நான் மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கினு பாயில படுத்து முனகறேன். முனகறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்?

கங்கம்மாள்: ஆத்தா விஷயத்துல வெளையாடாதே. நெஜமாவே வந்துடப் போறா...

உமாதேவி: யாருக்கும்மா அம்மை?

கங்கம்மாள்: ஏந்துட்டியா கண்ணு? உள்ள வராதே! வராதே! அங்கியே நில்லு!

தணிகாசலம்: எனக்குத்தாம்மா. பாரு, மூஞ்சில துண்டு கட்டிக்கினு கீறேன்.

உமாதேவி: கையில சுத்தி எதுக்கு நைனா?

தணிகாசலம்: அது... அரிக்குதும்மா.

உமாதேவி: சுத்தியாலயா... சொறிஞ்சிக்கிறே? அய்யோ... நைனா... சிரிச்சா... இழுக்குதும்மா...

கங்கம்மாள்: உக்காரு, உக்காரு. இப்பிடி சாஞ்சிக்கோ. மெதுவா வுடு... மெதுவா... பாருயா, நெஞ்சு எப்பிடி விசிலடிக்குது! வயிறு கல்லாட்டம் ஆவுதே! வலி எடுக்குதா கண்ணு?

உமாதேவி: இல்ல... இல்லம்மா. வுட்டுடுச்சி... இப்ப பரவால்ல.

தணிகாசலம்: பயந்துக்காதம்மா. சாயங்காலம் உன் வூட்டுக்காரரு வராரு. கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வா.

உமாதேவி: யாரு வராங்க?

தணிகாசலம்: மாப்பிள்ளைதாம்மா. போன் போட்டேன்.

உமாதேவி: இன்னாத்துக்கு நைனா... இன்னாத்துக்குப் போட்டே?

கங்கம்மாள்: ஏன் கண்ணு இப்பிடி நடுங்கறே? குளுருதா?

உமாதேவி: நான் போவல.

கங்கம்மாள்: யோவ், நெஜத்தைச் சொல்லிடு. மறைச்சி ஒன்னும் ஆவப் போறதில்ல.

தணிகாசலம்: எனக்கு அம்மையும் இல்ல, ஒன்னும் இல்லம்மா. இந்தப் பலகைக்குப் பின்னால செவுரு பூரா பூசணம். நாங்க அவசரத்துல பண்ண தப்பு. அதனாலதான் உனக்கு இழுக்குது. இங்க இருந்தா உன் உசுருக்கே...

உமாதேவி: இழுப்பு இங்க வந்தது இல்ல நைனா.

கங்கம்மாள்: டாக்டரம்மா சொன்னாங்களே கண்ணு...

உமாதேவி: டாக்டரம்மாவுக்கு நான் சொன்னதுதான தெரியும்? அங்க நடந்தது தெரியக் கூடாதுன்னு, இங்க வந்தப்புறம்தான் இழுக்குதுன்னு பொய் சொன்னேன். தீபாவளி அடைமழையில அங்கியே வந்துடுச்சி. கொழம்புல உப்பு கூடிப் போச்சின்னு... கொல்லையில நிக்க வெச்சி உள்ள தாழ்ப்பா போட்டுட்டாங்க. விடியற வரைக்கும் தொறக்கல.

கங்கம்மாள்: வயித்துல புள்ளையோடவா! யாரு... மாமியாரா?

உமாதேவி: தாழ்ப்பா போட்டது அவருதாம்மா.

தணிகாசலம்: மாப்பிள்ளையா?

கங்கம்மாள்: யோவ்... சுத்திய ஏன்யா இப்பிடி இறுக்கிப் புடிக்கிறே? உன்னைப் பாத்தா பயமா கீது.

தணிகாசலம்: வளைகாப்பு அன்னைக்கு என் கையப் புடிச்சிக்கினு, "பூவாட்டம் வெச்சிருக்கேன் மாமா"ன்னான்... நானும் அவனுக்கு ரெண்டு தரம் பாயசம் ஊத்தினேன்.

கங்கம்மாள்: எங்கயா கெளம்பிட்டே?

தணிகாசலம்: பஸ்டாண்டுக்கு. அவன் எறங்கற பஸ்லயே அவனைத் திரும்ப ஏத்தி அனுப்பிட்டு வரேன். ஜெபகுமாரைக் கூட்டிக்கினு போறேன்.

கங்கம்மாள்: சுத்தியக் கீழ வெச்சிட்டுப் போயா!

தணிகாசலம்: வெச்சிட்டேன்... வெச்சிட்டேன்மே. நீ அவளை ஜெபகுமாரு வூட்ல கூட்டிக்கினு போயி உக்கார வை. இங்க ஒரு மூச்சு கூட இழுக்க வேணாம்.

கங்கம்மாள்: ஏந்திரு கண்ணு, என் தோளப் புடிச்சிக்கோ... இவ்ளோ நாத்தத்துல, மூச்சையும் வெச்சிக்கினு எப்பிடி வாயே தொறக்காம படுத்துக்கினு இருந்தே? உனக்கு மூக்கே இல்லியா?

உமாதேவி: வந்த கொஞ்ச நாள்லயே தெரியும்மா. இந்த மூலைப் பலகை ஒருநாளு ஆணியோட பேந்து வந்துடுச்சி. பின்னால கருப்பா பூத்திருந்தது அப்பவே பாத்தேன். நீ தண்ணிக்குப் போன நேரமாப் பாத்து, அம்மிக் குழவியால அடிச்சி நாந்தான் திரும்பவும் மூடினேன்... நீங்க பாத்துட்டா, என்னை அங்க அனுப்பிடுவீங்கன்னு.