இடது கண்ணின் கட்டு

பொழிச்சலூரில் எங்கள் வீட்டு வாசலில் 'டாக்டர் தனசிங்' என்று பலகை மாட்டியது என் மனைவி அமலராணி. அன்று முதல் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். நான் மருந்து டாக்டர் இல்லை, பூனைக்குட்டிகளின் மூளையை ஆராய்ந்து பட்டம் வாங்கியவன் என்று சொல்லிப் பார்த்தேன். "பூனைக்கே பாக்குற, எனுக்குப் பாக்க மாட்டியா சார்?" என்று கேட்டுவிட்டாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா. பிறகு நாலு மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் குணமானது.

என் ஆராய்ச்சி எளிமையானது. பிறந்த குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதம் மூடி வைத்துத் திறந்தால், கண் பளிங்குபோல் இருக்கும். பார்வை மட்டும் இருக்காது. பார்க்கப் பழக வேண்டிய பருவத்தில் மூளைக்குப் பாடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை எந்தக் கருத்தரங்கில் வாசித்தாலும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "பூனைக்குச் சரி சார், மனுஷனுக்கு?" என்பார். காகிதங்களை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிவிடுவேன்.

எண்பத்தொன்று அக்டோபரில் எங்களுக்குச் சாராள் பிறந்தாள். பிறந்த மாதமே அவளுடைய இடது கண்ணில் பீளை கட்டியது. சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டினேன். ஒரு வாரத்தில் கண் சுத்தமாகிவிட்டது. கட்டை மட்டும் நான் எடுக்கவில்லை.

இதில் அடி, உதை, ரத்தம் எதுவும் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுத் துணியைத் தினமும் நானே மாற்றினேன். இப்படிப்பட்ட தகப்பன் இந்த வட்டாரத்திலேயே இல்லை என்று அமலராணி பெருமைப்பட்டாள். ஒரே ஒருமுறை கேட்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க?"

"அவசரப்படாத ராணி."

"நீங்க சொன்னா சரிங்க."

கன்னியம்மா மட்டும், "இன்னா சார், பாப்பா சண்டைக்குப் போய்ட்டு வந்த ரவுடி மேரி கீது" என்று சிரிப்பாள். கோயிலில் குழந்தையின் கண்ணுக்காக ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்ததும் கட்டைப் பிரித்தேன். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, சிவப்பு பிளாஸ்டிக் கிளியை முகத்துக்கு நேரே ஆட்டினேன். குழந்தை பார்க்கவில்லை. முதல் பல் முளைத்தால் மற்றத் தகப்பன்மாருக்கு ஒரு பூரிப்பு வருமே, அது எனக்கும் வந்தது.

நல்ல கண்ணை மூடி மூடிப் பழக்கினால் ஆறேழு வயதுக்குள் இதைத் திருத்திவிடலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தானாகச் சரியாகிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? பார்த்தேன். ஆகவில்லை.

பேர் சொல்லாமல், 'ஒரு பெண் குழந்தை' என்று எழுதி வெளியிட்டேன். அதன்பின் பின்வரிசையில் யாரும் எழவில்லை. கண்புரையோடு பிறந்த குழந்தைகளை "வளரட்டும், பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த டாக்டர்கள் சிலர், கையோடு அறுவைசிகிச்சை செய்ய ஆரம்பித்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் இன்று பஸ் நம்பரைத் தாங்களே படிக்கிறார்கள். தாம்பரத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். பூச்செண்டு கொடுக்க மேடையேறிய சாராள், தனக்கு இடப்பக்கம் நின்ற விழாத் தலைவரை இடித்துத் தள்ளிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து போகும். அவளுக்கு அதை ஓட்ட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பிறவியிலேயே இடது கண் மங்கல் என்று சொல்லியிருந்தேன்; கண்ணாடி போட்டால் போதும் என்று அவளாக நம்பிக்கொண்டாள். தொண்ணூற்றொன்பதில் விமானிப் பயிற்சிக்கு எழுதிப் போட்டு மற்ற எல்லாவற்றிலும் தேறினாள். கண் பரிசோதனையில், இனி ஒருநாளும் முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

"கண்ல ஒரு கோளாறும் இல்லம்மா. கைக்குழந்தையில ரொம்ப நாள் மூடி வெச்சிருக்கணும். உங்கப்பாதான் இதுல பெரிய ஆளாச்சே, அவரையே கேளு" என்றாராம் கண் டாக்டர். நல்ல டாக்டர். என் எழுத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

வந்து கேட்டாள். விஷயம் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை. பூனைக்குட்டியில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். சமையலறையில் வெங்காயம் அரிகிற சத்தம் நின்றது.

"குணமானப்புறமும் கட்டி வெச்சிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சேவா?"

"தெரியாம செஞ்சா அது ஆராய்ச்சி இல்லம்மா."

அமலராணி சேலையூரில் தங்கை வீட்டுக்குப் போகத் துணிகளைப் பையில் திணித்தாள். செருப்பு மாட்டிக்கொண்ட சாராள், படியில் நின்று திரும்பினாள்.

"வலது கண்ண மட்டும் ஏம்ப்பா விட்டு வெச்சீங்க?"

அங்கேதான் என் மனம் நொந்தது. பெற்ற தகப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? பாசத்தால்தான் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல கண் வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.