அடுத்த ரீடிங் வரட்டும்

"ஒரு பூந்தொட்டிக்காகவா சித்தப்பா? அன்னிக்கு எங்கப்பா தரையில கெடக்காரு, நீங்க ஆயர் ஈத்தாம் கடையில நின்னு தொட்டி பொறுக்கிக்கிட்டு இருந்தீங்களா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும், அண்ணன் விழுந்து கெடக்காருன்னு? அண்ணி போன்ல கேட்டாங்க, வாங்கினேன்."

"அம்மா மேல போடாதீங்க. அவங்க கேட்டா என்ன, முதல்ல அப்பாவ வந்து பாத்துட்டு அப்புறம் போய் வாங்க முடியாதா?"

"எவ்லின், நான் சொல்றத கொஞ்சம் கேளு லா."

"கேட்டது போதும். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா ஊசி போட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க."

பீன்ஸ் நறுக்குவதற்கு முன் நான் இரண்டு பக்கமும் நாரை உரித்துவிடுவேன். நிறைய பேர் அதைச் செய்வதில்லை. என் மகளும் என் கணவரின் தம்பி பிரையனும் முன் கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் அடுப்படியில் நார் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பீன்ஸைக்கூட வீணாக்கவில்லை. பிரையனின் கார் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே போனேன். வாசலில் அவர் வாங்கிக்கொண்டு வந்த தொட்டி இருந்தது. நல்ல தொட்டி. பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

நம் மன்றத்தின் இணையப் பக்கத்தில் நான் இதுவரை எதையும் எழுதியதில்லை. என் பெயர் கிறிஸ்டின். பிரிகேடியர் ஜெனரல் அமலநாதனின் மனைவி என்றால் உங்களுக்குத் தெரியும். அவருக்கு மன்றம் எடுத்த பாராட்டு விழாவின் வீடியோ இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தேன். அவர் படுத்த படுக்கையான பிறகு எழுதியதையும் படித்தேன். "அண்ணியின் பொறுமைக்கு ஈடில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பொறுமையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மதிவாணன் சார்தான் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். இதை நீக்குவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டு நீக்கட்டும்.

என் கணவர் பாலோ தோட்டத்தில் பிறந்தவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரின் மகன். அங்கிருந்து விமானப்படைக்குப் போய் ரேடார் முன்னால் உட்கார்ந்தார். முதலில் விமானங்களைப் பார்த்தார். பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். திரும்பி வந்ததும் விமானங்களுக்கும் மேலே சுற்றுவதைப் பார்க்கும் வேலை. செயற்கைக்கோள்கள், உடைந்த ராக்கெட் துண்டுகள், எது எதன் மேல் மோதும் என்ற கணக்கு. அந்தப் பிரிவுக்கே தலைவரானார். முகாம் முகாமாக மாறிக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானும் அவர்களும் பத்து பாகாட்டிலேயே தங்கிவிட்டோம். நான் துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்தேன்.

அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கதையை நீங்கள் விழாவில் கேட்டீர்கள். நான் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். ஒரு ராக்கெட் துண்டு நம் செயற்கைக்கோளை நோக்கி வருகிறது என்று தகவல். மேலதிகாரிகள் எல்லோரும் செயற்கைக்கோளை நகர்த்தச் சொல்கிறார்கள். நகர்த்தினால் அதிலுள்ள எரிபொருள் குறையும், எரிபொருள் குறைந்தால் அதன் ஆயுள் குறையும். இவர் மட்டும் அசையவில்லை. ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்கக்கூடாது, அடுத்த ரீடிங் வரட்டும் என்றார். அடுத்த ரீடிங்கில் அந்தத் துண்டு தூரமாகப் போவது தெரிந்தது. பிறகு பதவி உயர்வு, பதக்கம், டத்தோ பட்டம்.

அன்று மேசையில் கொறிக்க வைத்திருந்த இரண்டு கச்சான் கொட்டைகளை உருட்டித்தான் பிள்ளைகளுக்கு விளக்கினார்.

"இடிச்சிருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?" என்று ஜேடன் கேட்டான்.

"இடிச்சா இடிச்சதுதான். அந்த நேரத்துல கையில இருந்த டேட்டாவுக்கு அந்த முடிவு சரி. அவ்வளவுதான் பாக்கணும்."

ஜேடன் எங்கள் இளைய பிள்ளை. அன்றிலிருந்து அவன் குளிக்கச் சொன்னால் "அடுத்த ரீடிங் வரட்டும்மா" என்பான். புத்தகத்தை எடு என்றாலும் அதேதான். வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

அவனுக்குப் பதின்மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, டிங்கி மாதிரி இருக்கிறது, பிளேட்லெட் இறங்கியிருக்கிறது என்றார்கள். இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், இல்லையென்றால் நாளை காலை இன்னொரு முறை ரத்தம் பார்க்கலாம், உங்கள் விருப்பம் என்றார்கள். எனக்குப் போகத்தான் மனம். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தான். பிரையன் பாலோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றார்.

"அண்ணி, கெளம்புங்க. பேசிக்கிட்டு நிக்கிற நேரமில்ல இது."

நான் என் கணவருக்குப் போன் போட்டேன். ஏதோ பயிற்சியில் இருந்தார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"கிறிஸ், ஒரு ரீடிங்க வச்சிக்கிட்டு ஓடக்கூடாது. நாளைக்கு அடுத்த ரீடிங் வரட்டும். பதறாத."

நான் பிரையனைத் திருப்பி அனுப்பினேன். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டிலேயே நின்றுவிட்டுப் போனார். மறுநாள் ரத்தம் பார்ப்பதற்கு ஜேடன் இல்லை.

அடக்கத்துக்கு என் கணவர் சீருடையில் வந்தார். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது காரில் என்னிடம் சொன்னார்: "கையில இருந்த டேட்டாவுக்கு அந்த முடிவு சரிதான் கிறிஸ். நீ மனச போட்டு கொழப்பிக்காத." மன்னிப்பு என்ற வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். அடுத்த நாள் வரவில்லை. அடுத்த வருடம் வரவில்லை. பிரிகேடியர் ஜெனரல் ஆனார், ஓய்வு பெற்றார், வீட்டுக்கு வந்தார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். வரவே இல்லை. நான் கோபப்படவில்லை. சமைத்தேன், துவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தேன்.

பிறகு உங்கள் விழா. என்னை முன் வரிசையில் உட்காரவைத்தீர்கள். அவருக்குப் போட்ட மாலையை அவர் கழற்றி என் மடியில் வைத்தார். தலைமைத்துவம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். செயற்கைக்கோள் கதையைச் சொன்னார். கைதட்டினீர்கள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "என் சொந்த மகன் விஷயத்தில்கூட நான் பதறவில்லை" என்று ஆரம்பித்தார்.

காய்ச்சலைச் சொன்னார். போன் வந்ததைச் சொன்னார். "முடிவு தவறாகப் போகலாம். முடிவெடுக்கும் முறை தவறக்கூடாது. மகனை இழந்தேன், முறையை இழக்கவில்லை" என்றார். அப்போதும் கைதட்டினீர்கள். பின் வரிசையில் சிலர் எழுந்து நின்று தட்டினீர்கள். வீடியோவில் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன, நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேமலா டீச்சர் என் கையைப் பிடித்து, "உங்களுக்கு ரொம்ப பெருமையா இருக்கும்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று வீடு திரும்பும்போது, பேச்சு எப்படி என்று கேட்டார். நல்லா இருந்துச்சு என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை. பிரையன் வந்து அண்ணனைப் பசியாற அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். இவர் சட்டை மாற்ற அறைக்குப் போனார். கோப்பிக் குவளை விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை துணி மாதிரி கிடந்தது. "கிறி, கிறி" என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

ஃபேக்டரியில் எங்களுக்கு முதலுதவி வகுப்பு வைப்பார்கள். முகம், கை, பேச்சு, இந்த மூன்றையும் பார், உடனே வண்டியைக் கூப்பிடு என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் என்ன நடக்கிறது என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும். எவ்லினிடம் நான் சொன்னது வேறு. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், எப்போது விழுந்தார் என்று தெரியாது என்றேன். துணி துவைத்தது உண்மைதான். அது அதற்குப் பிறகு.

அவர் இடது கையால் கட்டிலில் இருந்த போனைத் தேடினார். கீழே விழுந்து உடைந்துவிடுமே என்று நான் எடுத்து அலமாரியின் மேல் வைத்தேன். தலைக்குத் தலையணை கொடுத்தேன். எச்சிலைத் துடைத்தேன். பக்கத்தில் குனிந்து, "பதறாதீங்க. ஒரு ரீடிங்க வச்சி முடிவெடுக்கக்கூடாது. அடுத்த ரீடிங் வரட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒன்று அவருக்கு முழுதாகப் புரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது என் போன் அடித்தது. பிரையன்.

"அண்ணி, குளுவாங் தாண்டிட்டேன். அண்ணன் ரெடியா?"

"இன்னும் தூங்குறாரு தம்பி. அவசரமே இல்ல. வர்ற வழியில ஆயர் ஈத்தாம்ல நிப்பாட்டி எனக்கு ஒரு பூந்தொட்டி வாங்கிட்டு வாங்க."

"எந்த மாதிரி அண்ணி?"

"பெருசா. விரிசல் இல்லாம. தட்டிப் பாத்து வாங்குங்க, ஏமாத்திருவானுங்க."

"அலமாக், அண்ணன் பசியோட காத்துக்கிட்டு இருப்பாரேன்னு பாத்தேன். சரி அண்ணி."

பிறகு துணி துவைத்தேன். காயப்போட்டேன். இடையில் இரண்டொரு முறை அறை வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கண் வாசலிலேயே இருந்தது. நான் அவரை அடிக்கவில்லை, எதையும் கொடுக்கவில்லை. அவர் பதக்கம் வாங்கிய அதே முறையைத்தான் கடைப்பிடித்தேன்.

பிரையன் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். காரில் நான் என் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் நான் அவர் பக்கத்திலேயே இருந்ததைப் பார்த்தீர்கள்.

இப்போது முன் கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரிகிறது. எவ்லின் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். "சித்தப்பா லேட்டா வந்ததாலதானேப்பா இப்படி?" என்று அவரிடமே கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பிரையனை விரட்டிவிட்டாள்.

நேற்று பிரையனின் மனைவி போன் செய்தாள். அவர் சாப்பிடுவதில்லையாம். காருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாராம், எங்கும் ஓட்டிப் போவதில்லையாம். "ஒரு தொட்டிக்காக அண்ணன கொன்னுட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். பிரையன் மேல் எந்தத் தவறும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எவ்லினும் படிப்பாள். அடுத்த வாரம் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் எழுத்துப் பலகை கொண்டு வருகிறாள், இடது கையால் தொட்டுத் தொட்டு அவரே சொல்லிவிடலாம். அதற்காக நான் முந்திக்கொள்வதாக நினைக்காதீர்கள். எனக்குப் பயம் இல்லை. கோபமும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் காத்திருந்தார், என் பிள்ளை போனான், நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். நானும் காத்திருந்தேன், அவர் உயிரோடாவது இருக்கிறார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் கீழே பதில் எழுதுங்கள். நேரம் எடுத்துக்கொண்டு யோசித்து எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

இரண்டு முறையும் பிரையனின் காரை நிறுத்தியது யார் என்பதை மட்டும் யாரும் எழுத வேண்டாம்.