கறுப்புப் படம் போட்ட வீடு

ஹலோ... ஆமாங்க, இனாயாத்துதான் பேசுறேன்... மீதி ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும்... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, வீடு நிறைய ஆளு, துக்கம் கேக்க வந்திருக்காங்க... யாரு?... கௌதரா? எந்தக் கௌதர்?...

...

அக்கா?

இரு. இரு, இரு, வெச்சிடாதே. சமையல்கட்டுக்கு வந்துடறேன்... ஆங், வந்துட்டேன். கதவைச் சாத்திட்டேன். இப்போ திட்டு.

...ஆமா... ஆமா... ஆமாக்கா, நீ உசுரோடதான் இருக்கே, தெரியுது. அதான் காது கிழியுதே. ஏழு வருஷத்துல அந்தக் குரல் கொஞ்சம்கூட இறங்கலை...

எங்கே? மீன் மார்க்கெட்லயா?... யாரு, மீன்காரன் அபூ கலாலா? உன்னைப் பார்த்ததும் தராசைக் கீழ போட்டுட்டானா?... பிஸ்மில்லா சொல்லிட்டுப் பின்னாடி போனானா!... நான் சிரிக்கலை. அல்லா மேல ஆணையா சிரிக்கலைக்கா, மூக்கு அடைச்சிருக்கு. ரெண்டு நாளா அழுது அழுது அடைச்சிருக்கு... யாருக்காகவா? உனக்காகத்தான். வேற யாருக்கு?

சரி, சரி. கத்தாதே. நான் சாகடிக்கலை உன்னை. நான் யார்கிட்டயும் 'எங்க அக்கா செத்துட்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நீ சொல்ல விட்டாத்தானே... முதல்லேருந்து கேளு.

திங்கட்கிழமை என் பிறந்த நாளு. உனக்கு ஞாபகம் இருக்காது, பரவாயில்லை... ஓ... இருந்துச்சா... சரி.

முன்னெல்லாம் பேஸ்புக்கு காலையிலேயே ஊருக்கெல்லாம் தமுக்கு அடிச்சுடும், நினைவிருக்கா? எண்பது பேர், தொண்ணூறு பேர் எழுதுவாங்க. ஸ்கூல்ல கூட வேலை பார்த்தவங்க, பழைய பிள்ளைங்க, அந்தப் பிள்ளைங்களோட அம்மாமார். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரோஜாப்பூ போட்டுப் பதில் எழுதி முடிக்கவே பொழுது சாஞ்சிடும். கை வலிக்கும். இந்த வருஷம் எத்தனை பேர் சொல்லு... நாலு. அந்த நாலுல ஒண்ணு பல் டாக்டர் கடை. பல்லு கட்டினப்ப நம்பர் கொடுத்திருந்தேன்ல, அவங்க.

இல்லைக்கா, இப்போ யாரும் அதுல இல்லை. பிள்ளைங்கல்லாம் வேற வேற இடத்துக்குப் போயாச்சு. இருக்கறவங்க கண்ணுக்கு நான் படறதில்லை, என் கண்ணுக்கு அவங்க படறதில்லை. திறந்தா எவனோ ஒருத்தன் கம்பளம் கழுவிக்கிட்டிருக்கான். சேறு சேறாப் போகுது. அதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டிருக்கேன். என்ன பண்ணச் சொல்றே?

ஹாதிமா? என் மகனுக்கென்ன, கனடாவுல நல்லாத்தான் இருக்கான். வெள்ளிக்கிழமை தவறாம ஒரு படம் அனுப்புறான். பள்ளிவாசல், ரெண்டு புறா, ஜும்மா முபாரக். ஊருக்கெல்லாம் அனுப்புற அதே படம். நானும் அவனுக்கு ஒண்ணு அனுப்புறேன். வேற புறா.

சரி, விஷயத்துக்கு வர்றேன், வர்றேன். புதுப் படம் ஒண்ணு மாத்துவோம், அதைப் பார்த்தாவது நாலு பேர் வரட்டும்னு பச்சை முக்காடு போட்டுக்கிட்டு சோபாவுல உட்கார்ந்தேன். போன்ல போன வாரம் தானாவே எல்லாம் மாறிக்கிச்சு. இங்க இருந்த பொத்தான் அங்க போயிடுச்சு. கண்ணாடியும் போடலை... ஏன்னா படத்துல கண்ணாடி போட்டா கிழவி மாதிரி இருக்கு, அதான்... அறுபத்தொண்ணு கிழவி இல்லை! நீ கிழவி. நான் கையை நீட்டிப் பிடிச்சேன், போன் நழுவிக் குப்புற விழுந்துச்சு, 'டிக்'னு ஒரு சத்தம். எடுத்து, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கிட்டேன். அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்க்குறேன்... கறுப்பு. நான் இல்லை, சோபா இல்லை, முழுக் கறுப்பு.

ஆமா. அதேதான். இந்தப் போர்ட் சையிதுல கறுப்புப் படம்னா வீட்டுல சாவுன்னு எந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது?

பத்து நிமிஷம் ஆகலைக்கா. போன் அடிச்சுது. *அடிச்சுது!* நான் பயந்தே போயிட்டேன், அந்த ரிங்டோன் பாட்டையே மறந்து போயிருந்தேன். யாருன்னு பார்த்தா சாமியா. ஸ்கூல் சாமியா, கணக்கு டீச்சர். அஞ்சு வருஷமாச்சு அவ குரல் கேட்டு. எடுத்ததும், 'கௌதரா? கௌதர்தானா?'ன்னு ஓன்னு அழறா. நீ வேற ரமலான்லேருந்து பேஸ்புக்ல ஒண்ணுமே போடலையாம், ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டாங்க... நான் ஆமான்னு சொல்லலை.

...இல்லைன்னும் சொல்லலை.

அடக்கம் எங்கேன்னு அவளே கேட்டா, 'கெய்ரோவுலதானே, அவ மகன் ஊர்ல?'ன்னு அவளே பதிலும் சொல்லிக்கிட்டா. சாயங்காலத்துக்குள்ள ஊரு முழுக்க—

*மீதி ஆயுசு உங்களுக்கு இருக்கட்டுங்க. அல்லா உங்களுக்குத் துக்கம் எதுவும் காட்டாம வைக்கட்டும். ஆமாங்க... நல்ல மனுஷிங்க. ரொம்ப நல்ல மனுஷி.*

...போயிட்டா. கீழ் வீட்டுக்காரி, தண்ணி எடுக்க உள்ள வந்தா. உன்னைத்தான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றது, நீயே சொல்லு... நல்ல மனுஷின்னுதானே சொன்னேன், அதுக்கும் கோபமா?

எத்தனை பேரா? இருபத்து மூணு. நேத்து பதினாலு, இன்னைக்கு இதுவரைக்கும் ஒன்பது. எண்ணினேன், ஆமா, எண்ணினேன். இந்த வருஷம் முழுக்க என் வீட்டுப் படி ஏறினது யாரு தெரியுமா? கேஸ் சிலிண்டர்க்காரன். அவனும் வாசல்லயே வெச்சிட்டுப் போயிடுவான். இப்போ எல்லா நாற்காலியிலயும் ஆள் உட்கார்ந்திருக்கு. கீழ் வீட்லேருந்து இரவல் வாங்கிப் போட்டேன். துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபி போட்டுப் போட்டு என் கையெல்லாம் காபி வாசனை. எல்லாரும் உன்னைப் பத்திப் பேசுறாங்க. சின்ன வயசுல நீ கால்வாய்ல குதிச்சு ஒரு கிரேக்கக்காரியோட தொப்பியை எடுத்துக் கொடுத்தியாமே, எனக்கே தெரியாது... பொய்யா? சாமியாதான் சொன்னா... சரி, பொய்யாவே இருக்கட்டும், நல்லா இருந்துச்சு.

நடிப்பு இல்லைக்கா.

...நடிப்பு இல்லைன்னு சொல்றேன்ல! சாமியா 'கௌதரா?'ன்னு கேட்டப்ப, ஆமான்னுதான் எனக்கும் தோணுச்சு. ஏழு வருஷமா நீ எனக்கு இல்லை. அதுக்கு யாரு வந்து என்கிட்ட துக்கம் கேட்டா? அக்கா பேச மாட்டேங்கறாளேன்னு எவளாவது ஒருத்தி வந்து காபி குடிச்சாளா? நீ செத்துட்டேன்னு நினைச்சதுக்கு அப்புறம்தான், எனக்கு ஒரு அக்கா இருந்தாங்கறதே இந்த ஊருக்கு ஞாபகம் வந்துச்சு. அழுதேன். அழறதுக்கு இடம் கிடைச்சுது, அழுதேன்.

...

அதை எதுக்கு இப்போ இழுக்குறே... சரி, இழு. நான் சிரிச்சேன். உன் புருஷன் மஹ்ரூஸ் மௌத்தானதா உன் மகன் எழுதினான், அதுக்குக் கீழ நான் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டேன். உன் மாமியார் வீடு பூரா பார்த்துச்சு. நாலு நாள் அப்படியே கிடந்துச்சு. எல்லாம் தெரியும்.

இப்பவாவது கேப்பியா, ஏன் போட்டேன்னு?... கேளு. கட்டைவிரல் ஒண்ணு மட்டும் இருந்தப்ப ஒரு வம்பும் இல்லை. கல்யாணத்துக்கும் அதே கட்டைவிரல், மௌத்துக்கும் அதே கட்டைவிரல். அப்புறம் அந்த மஞ்ச மூஞ்சிங்க வந்துச்சு. நான் அப்போ ஹாதிம் வீட்டுல, கனடாவுல. வெளியில பனி கொட்டுது. டிக்கெட் கிடைக்கலை. உன்கிட்ட வர முடியலை. கையில இருந்தது அந்த ஒரு போன்தான். அதுல ஒரு மூஞ்சி, ஒத்தைச் சொட்டு கண்ணீர் விட்டுக்கிட்டு, ஏதோ வெங்காயம் நறுக்கின மாதிரி நின்னுச்சு. இன்னொரு மூஞ்சி கண்ணை இறுக மூடிக்கிட்டு, வாயைப் பெரிசாத் திறந்துக்கிட்டு... எனக்கு அதுதான் மாரடிக்கிற மூஞ்சின்னு தோணுச்சு. நம்ம அம்மா மாதிரி. நம்ம வீட்டுல யாருக்கா ஒத்தைச் சொட்டு விட்டு அழுதிருக்கா? அப்பா போனப்ப நீ அழுத அழுகையில எதிர்க்கரையில படகு நின்னுச்சுன்னு சொல்வாங்க. உனக்குப் போய் நான் ஒத்தைச் சொட்டா போடுவேன்?

...

ஏன் எழுதிச் சொல்லலையா?...

எழுதினேன். எவ்வளவு எழுதினேன் தெரியுமா? பேஸ்புக்ல நீ என்னை பிளாக் பண்ணி அடைச்சிட்டே. வாட்ஸப்புல எழுதினேன், ஒத்தை டிக். மறுபடி எழுதினேன், ஒத்தை டிக். இன்னைக்கு வரைக்கும் ஒத்தை டிக்... என்னது, நம்பரை மாத்திட்டியா? அப்போ நீ அதுல அடைக்கலையா?... ஓ, அடைச்சிட்டுத்தான் மாத்தினியா. நல்லது. எதையும் பாதியில விட மாட்டியே நீ.

ஆமா, வந்திருக்கலாம். படகு காசில்லாமத்தான் போகுது, பத்து நிமிஷம்தான், நீ எதிர்க்கரையில போர்ட் ஃபுவாதுல, நான் இங்க. என் ஜன்னல்லேருந்து பார்த்தா உன் பக்கத்துத் துறை தெரியுது. ரெண்டு தடவை துறை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன். உன் வீட்டு ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு. அது என் தப்பு. அந்த மூஞ்சிப் படம் தப்பு இல்லை, இது தப்பு.

...அந்தக் கறுப்புப் படத்தை எடுத்துடறேன். இப்பவே வேணாம்... நாளைக்கு, அக்கா. நாளைக்கு மூணாம் நாள். மூணு நாள்தானே உட்காருவாங்க? நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எல்லாரும் போயிடுவாங்க. அப்போ எடுத்துட்டு, 'என் அக்கா நல்லா இருக்கா, நான்தான் முட்டாள்'னு நானே எழுதிடறேன். ஊரு காறித் துப்பட்டும். ஒரே ஒரு நாள் விடு... இல்லையா... இல்லையா, சரி. சரி. இப்பவே எழுதறேன்.

இல்லை, அழலை. சரி, நீ போ. உனக்கு வேலை இருக்கும். மடவை மீன் வாங்கியிருப்பே, கெட்டுப் போயிடும். போன தடவை மாதிரி சீரகத்தை முதல்லயே போடாதே, கருகிடும்...

...

எந்தப் போன தடவையா? சும்மா சொன்னேன்... சும்மா. எல்லாரும்தான் முதல்லயே போடுறாங்க...

சரி. பார்த்தேன். உன் பேத்தி உனக்கு டிக்டாக்ல போட்டு விடுறாளே, அந்த மீன் வீடியோ. எல்லாம் பார்த்தேன். நாற்பத்தாறு. வேற பேருல உள்ள வந்தேன். அதுல நீ என்னை அடைக்கலையே, நான் அங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதுல்ல... ஆமா. 'கால்வாய் ரோஜா'. நான்தான். தினமும் முதல்ல இதயம் போடுறது நான்தான். நல்லாப் பார்த்து, கண்ணாடி போட்டுக்கிட்டு, இதயம்தானான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் போடுவேன்.

போன மாசம் பதில் எழுதினியே, 'நன்றி, என் உயிரே'ன்னு. யாருக்கு எழுதறேன்னு தெரியாமத்தான் எழுதினே. தெரியும். ஆனாலும் அதை நான் அழிக்கலை.

...

அக்கா, திட்டணும்னா திட்டு, பரவாயில்லை.

...அது என்ன சத்தம்? இந்தப் படகு ஹாரன்... இரு. எனக்கு ஜன்னல்லயும் கேக்குது, போன்லயும் கேக்குது. நீ வீட்டுல இல்லையா? மார்க்கெட்லேருந்து நேரா... அக்கா, நீ துறையிலயா நிக்கிறே?... அடிக்கவா வர்றே? வா. வந்து அடி. செருப்பைக் கழட்டியே அடி, எல்லாரும் இருக்காங்க, எல்லாரும் பார்க்கட்டும்... உள்ள நீ வந்தா சாமியா மயங்கி விழுந்துடுவா, நான் முதல்லயே சொல்லிடணும், இல்ல வேணாம், சொல்லலை, நீயே வா.

உனக்கு மட்டும் சர்க்கரை போட்டுத் தர்றேன். எத்தனை ஸ்பூன்?... உனக்கு எத்தனை போடுவேன் நான், முன்னாடி? ரெண்டா? மறந்தே போச்சுக்கா. வீடியோல நீ மீன் மட்டும்தான் காட்டுறே, காபி குடிக்கிறதைக் காட்ட மாட்டேங்கறே...

காத்து இரையுது, சரியாக் கேக்கலை... என்னது?... ஏறிட்டியா? இல்ல துறையிலதான் நிக்கிறியா? படகு கிளம்பிடுச்சு, ஜன்னல்லேருந்து தெரியுது, ஆளுங்க தெரியலை, எல்லாரும் கறுப்பாத் தெரியுறாங்க... கதவு திறந்துதான் இருக்கு. துக்க வீடுல்ல, சாத்தக் கூடாது...

அக்கா, ஏறிட்டியா?

ஹலோ...

ஏறிட்டியா?